ஆட்டோகேடில் பிளான் திடீரென்று 3டிக்குச் சாய்கிறதா? எந்தத் தீர்வு யாருக்குப் பொருந்தும்

வீட்டு பிளான் ஒன்றில் சுவர் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். திரையைக் கொஞ்சம் நகர்த்தப் போனால் மொத்தப் படமும் சரிந்து 3டி பார்வைக்குப் போய்விடுகிறது. ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் 2டி வேலை மட்டும் செய்கிற பலருக்கும் இது நடக்கும். தீர்வு கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். "கியூபை ஆஃப் பண்ணிடு", "பிளான் கமாண்டு அடி", "ஆர்பிட்டையே முடக்கிடு", "பேசாம எல்டி வாங்கிடு". (கியூபும் ஆர்பிட்டும் பார்வையைச் சுழற்றும் கருவிகள், எல்டி என்பது ஆட்டோகேடின் 2டிக்கான பதிப்பு.) எதுவும் தவறில்லை. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு பிரச்சினையைத் தீர்ப்பது. அதனால்தான் ஒருவருக்குப் பலித்தது அடுத்தவருக்குப் பலிப்பதில்லை.

கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்படியே எழுதியிருக்கிறேன். இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். முதல் சில எழுத்துகளிலேயே ஆட்டோகேட் பட்டியலைக் காட்டிவிடும்.

## சாய்வு எந்த வழியாக வருகிறது

முதல் வழி ஷிஃப்ட் விசையும் மவுஸ் சக்கரமும். சக்கரத்தை அழுத்திப் பிடித்து இழுத்தால் படம் நகரும். அதே நேரம் ஷிஃப்ட் அழுந்தியிருந்தால் நகர்வதற்குப் பதில் சுழலும். 2டி வரைபவரின் இடது கை ஷிஃப்ட் பக்கமே இருப்பதுதான் சிக்கல். தேர்ந்தெடுத்ததில் ஒன்றை விலக்க ஷிஃப்ட், ஆர்த்தோவைத் தற்காலிகமாக மாற்ற ஷிஃப்ட், டிரிம் நடுவே எக்ஸ்டெண்ட் செய்ய ஷிஃப்ட், ஸ்னாப் பட்டியல் வரவழைக்க ஷிஃப்டும் வலது பொத்தானும். இதற்கு நடுவே படத்தை நகர்த்த வேண்டி வந்தால் விரலை எடுக்க மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது வழி, வலது மேல் மூலையில் இருக்கும் வியூகியூப். 2009 பதிப்பில் வந்தது. அதன் முனையிலோ ஓரத்திலோ தவறுதலாக ஒரு கிளிக் விழுந்தால் போதும். மேலிருந்து பார்க்கும் நிலையில் அதன் பக்கத்தில் இரண்டு வளைந்த அம்புகள் தெரியும். அவற்றில் ஒன்றைத் தொட்டால் 3டி வராது, பிளான் 90 பாகை திரும்பி நிற்கும். "என் வடக்கு எங்கே போச்சு" என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த அம்பைத் தொட்டவர்கள்.

மூன்றாவது, இடது மேல் மூலையில் அடைப்புக்குறிக்குள் தெரியும் "டாப்" என்ற சொல். அதைக் கிளிக் செய்தால் பார்வைகளின் பட்டியல் விரியும். வலப்பக்க நேவிகேஷன் பாரிலும் ஆர்பிட் பொத்தான் உண்டு. இவற்றில் தவறுதலாகக் கை படுவது குறைவு.

உங்களுடையது எது என்று கண்டுபிடிப்பது எளிது. மவுஸ் போகிற போக்கிலேயே படம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தால் அது ஷிஃப்டும் சக்கரமும். ஒரே வீச்சில் சுழன்று ஒரு திட்டமான கோணத்தில் போய் நின்றால் கியூப் அல்லது பட்டியல். தீர்வு தேடும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். விரலால் வரும் சாய்வுக்குக் கியூபை மறைத்து ஒரு பயனும் இல்லை.

## எதை வைத்து எடைபோடுவது

பெரிதாகச் சாய்ந்தால் உடனே தெரியும், உடனே சரிசெய்துவிடுவோம். எனக்குக் கவலை தருவது ஓரிரு பாகை மட்டும் சாய்வதுதான். ஷிஃப்ட் ஒரு கணம் அழுந்தி, சக்கரம் ஒரு துளி நகர்ந்திருக்கும். பிளான் பார்க்க நேராகவே தெரியும். ஆகவே ஒரு தீர்வு சாய்வைத் தடுக்கிறதா என்பதோடு, தடுக்க முடியாமல் போனால் அதை நமக்குக் காட்டிக்கொடுக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

அடுத்தது சேதம். இதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. பார்வை மட்டும் சாய்ந்து, ஆய அச்சுகள், அதாவது யுசிஎஸ், அப்படியே இருந்தால் பெரிய சேதம் இல்லை. வெற்றிடத்தில் நீங்கள் கிளிக் செய்யும் புள்ளி அதே எக்ஸ்-ஒய் தளத்தில்தான் விழும். செங்கோணம் கோணலாகவும் நீளம் குறைவாகவும் தெரியும், அவ்வளவுதான். யுசிஎஸ்ஸும் சேர்ந்து மாறிவிட்டால்தான் வினை. பார்வைப் பட்டியலில் "ஃப்ரண்ட்" போன்ற நேர்ப் பார்வையைத் தேர்ந்தெடுத்தால் யுசிஎஸ்ஸும் கூடவே திரும்பும்படிதான் ஆட்டோகேடில் இயல்பாக அமைத்திருக்கிறார்கள். யுசிஎஸ் ஆர்த்தோ என்ற மாறியின் (கட்டளை போலவே பெயரைத் தட்டச்சு செய்து மதிப்பை மாற்றும் அமைப்பு) மதிப்பு 1 என்பது இதைத்தான் குறிக்கிறது. அந்த நிலையில் வரைந்த சுவர் படுத்துக் கிடக்காது, செங்குத்தாக எழுந்து நிற்கும். மேலிருந்து பார்த்தால் ஒரு கோடு போலவோ புள்ளி போலவோ தெரியும். அப்புறம் ஃபில்லெட் சேராது, பாலிலைன் இணையாது, ஏனென்று தெரியாமல் மணிக்கணக்கில் தேடுவோம்.

ஆக, ஐந்து கேள்விகள். எந்த வழியை அடைக்கிறது? நுண்ணிய சாய்வைக் காட்டிக்கொடுக்குமா? யுசிஎஸ்ஸையும் காக்குமா? 3டி உண்மையிலேயே தேவைப்படும் நாளில் எவ்வளவு இடைஞ்சல்? வேறு கணினிக்கோ புதிய பதிப்புக்கோ போனால் நிலைக்குமா?

## வழி 1: சாய்ந்தபின் நிமிர்த்திக்கொள்வது

எதையும் முடக்காமல், நேர்ந்தவுடன் திரும்புவது. மூன்று விதமாகச் செய்யலாம்.

யூ என்ற ஒற்றை எழுத்து அன்டூ. சாய்ந்த அடுத்த நொடியே அடித்தால் நல்லது. நடுவில் ஏதாவது வரைந்திருந்தால் முதலில் அதுதான் அழியும். ஜூம் கட்டளையில் ப்ரீவியஸ் என்ற தேர்வு இன்னும் நல்லது: வரைந்ததைத் தொடாமல் பார்வையை மட்டும் பின்னோக்கிக் கொண்டுபோகும், 10 பார்வைகள் வரை. முன்பு எந்த மூலையை எந்த அளவில் பார்த்துக்கொண்டிருந்தீர்களோ அங்கேயே கொண்டுவிடும்.

பிளான் கட்டளைதான் எல்லோரும் சொல்வது. அதன் மறைந்த செலவு இரண்டு. ஒன்று, படம் முழுவதும் திரையில் அடங்கும்படி சுருங்கிவிடும். பெரிய பிளானின் ஒரு கழிவறை மூலையில் வேலை செய்துகொண்டிருந்தால் திரும்ப அதைத் தேடிப் போக வேண்டும். இரண்டு, அது பார்வையை மட்டுமே மாற்றும், யுசிஎஸ்ஸைத் தொடாது. எனவே யுசிஎஸ் கட்டளையில் வேர்ல்ட் கொடுத்துவிட்டு, பிறகு பிளானில் வேர்ல்ட் கொடுப்பதே முழுத் தீர்வு. இவ்விரண்டையும் ஒரு மேக்ரோவாகச் சேர்த்து டூல் பேலட்டிலோ ரிப்பனிலோ பொத்தானாக வைத்துக்கொள்ளலாம்.

வேறொருவர் அனுப்பிய கோப்பு சாய்ந்தே திறந்தால் இது ஒன்றுதான் வழி. மற்ற எந்த ஏற்பாட்டைச் செய்தாலும் இந்தப் பொத்தான் கூடவே இருக்கட்டும். ஆனால் தனியாக இது போதாது, ஏனென்றால் சாய்ந்தது கண்ணுக்குத் தெரிந்தால்தானே பொத்தானைத் தேடுவோம்.

## வழி 2: திரையில் இருக்கும் கருவிகளை மறைப்பது

ஆப்ஷன்ஸ் பெட்டியில் 3டி மாடலிங் என்ற தாவலைத் திறந்தால் வியூகியூபைக் காட்டுவதற்கு இரண்டு டிக் பெட்டிகள் இருக்கும்: 2டி வயர்ஃப்ரேமில் காட்டவா, மற்ற விஷுவல் ஸ்டைல்களில் காட்டவா. முதல் டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். 2டி வேலையில் கியூப் இருக்காது. ஷேடட் போன்ற 3டி பாணிக்கு மாறியவுடன் தானாக வந்து நிற்கும். முழுக்க ஒழித்துவிட்டுப் பிறகு தேடும் அவதி இல்லை. 2டியும் 3டியும் கலந்து செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

நேவிகேஷன் பாரையும் எடுத்துவிடலாம். நேவ் பார் டிஸ்ப்ளே என்ற மாறியை 0 ஆக்கினால் போய்விடும்.

ஆனால் இடது மேல் மூலைச் சொற்களை மறைக்காதீர்கள். மறைக்க வழி உண்டு (விபி கன்ட்ரோல் 0), பலர் மறைக்கவும் சொல்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். பார்வை ஒரு துளி சாய்ந்தாலும் அங்கே "டாப்" என்பது போய் "கஸ்டம் வியூ" என்று மாறும். நான் கவலைப்பட்ட அந்த ஓரிரு பாகைச் சாய்வைக் கண்ணுக்கு எதிரே காட்டிக்கொடுப்பது அந்தச் சொல்தான். சந்தேகம் இருந்தால் வியூ டிர் என்று தட்டிப் பாருங்கள். மூன்று எண்கள் வரும். முதல் இரண்டும் 0 ஆக இருந்தால் நடப்பு யுசிஎஸ்ஸுக்கு நேர்மேலிருந்து பார்க்கிறீர்கள்.

இந்த வழியின் குறை வெளிப்படையானது. ஷிஃப்டும் சக்கரமும் அப்படியே வேலை செய்யும். மேலும், இவை உங்கள் கணினியின் அமைப்புகள், கோப்போடு போகாதவை. ஆட்டோகேடை இயல்பு நிலைக்கு ரீசெட் செய்தால் கியூப் திரும்பி வந்துவிடும்.

## வழி 3: ஷிஃப்டைத் தொடாமல் பழகுவது

ஷிஃப்டுக்கு மாற்று எல்லா இடத்திலும் இருக்கிறது. தேர்வில் ஒன்றை விலக்க, பொருள்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இடத்தில் ஆர் என்று அடித்தால் விலக்கும் நிலைக்குப் போகும், ஏ அடித்தால் சேர்க்கும் நிலைக்குத் திரும்பும். ஆர்த்தோவுக்கு எஃப்8. டிரிம்முக்கு நடுவே எக்ஸ்டெண்ட் வேண்டுமானால் அதைத் தனிக் கட்டளையாகவே ஓட்டலாம். டெம்ப் ஓவர்ரைட்ஸ் என்ற மாறியை 0 ஆக்கினால் ஷிஃப்ட் பிடித்து ஆர்த்தோவை மாற்றும் வசதியே நின்றுபோகும், விரல் தானாக மாறும். தற்காலிக மாற்று விசைகள் எல்லாமே சேர்ந்து நின்றுவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பயிற்சி நிலையக் கணினி, நண்பரின் கணினி, நேர்காணலில் கொடுக்கும் கணினி என்று எங்கே போனாலும் கூடவே வருவது இந்த வழி ஒன்றுதான். செலவு வேகம். ஷிஃப்டில் ஊறிப்போன கைக்கு முதல் சில வாரம் எரிச்சலாகவே இருக்கும். புதிதாகக் கற்பவருக்கு அந்தச் செலவும் இல்லை.

எம் பட்டன் பேன் என்ற மாறியை 0 ஆக்கச் சொல்லும் யோசனையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படிச் செய்தால் சக்கரத்தை அழுத்திப் படத்தை நகர்த்தும் வசதியே போய்விடும். ஒரு நாளில் எத்தனை தடவை அதைப் பயன்படுத்துகிறோம் என்று யோசித்தால் இதைப் பரிசீலிக்கவே தேவையில்லை.

## வழி 4: ஆர்பிட் கட்டளையையே முடக்குவது

அன்டிஃபைன் என்றொரு கட்டளை இருக்கிறது. அதில் 3டி ஆர்பிட் என்று பெயர் கொடுத்தால் அந்தக் கட்டளை செயலிழக்கும். ரீடிஃபைன் கொடுத்தால் திரும்ப உயிர்பெறும். விரலால் வரும் சாய்வுக்கு நேரடியாகக் கதவடைப்பது இதுதான்.

முடக்கியவுடன் ஷிஃப்டையும் சக்கரத்தையும் அழுத்திச் சோதியுங்கள். இன்னும் சுழன்றால், எஃப்2 அழுத்திக் கட்டளை வரலாற்றைத் திறந்து, அந்தச் சுழற்சி எந்தப் பெயரில் பதிவாகிறது என்று பாருங்கள். அந்தப் பெயரையும் முடக்க வேண்டும். சோதிக்காமல் விட்டால் "முடக்கிவிட்டோம்" என்ற நம்பிக்கையில் இன்னும் கவனக்குறைவாக இருப்போம்.

ஆட்டோகேடை மூடித் திறந்தால் இந்த முடக்கம் நிலைக்காது. நிலைக்க வேண்டுமானால் ஏகேட் டாக் (acaddoc.lsp) என்ற லிஸ்ப் கோப்பில், அதாவது ஆட்டோகேடுக்கான நிரல் கோப்பில், அன்டிஃபைன் கட்டளையை ஓட்டும் ஒரு வரியை எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு வரைபடம் திறக்கும்போதும் அது தானாக ஓடும். இங்கேதான் மறைந்த வேலைகள் வருகின்றன. கோப்பு இருக்கும் உறை, சப்போர்ட் பாதைப் பட்டியலில் இருக்க வேண்டும். பாதுகாப்பு இறுகிய 2014 முதலான பதிப்புகளில் நம்பகமான இடங்களின் பட்டியலிலும் சேர்க்காவிட்டால் எச்சரிக்கைப் பெட்டி வரும். அதே பெயரில் அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் முதலில் அகப்படும் ஒன்று மட்டுமே ஓடும். ஆகவே புதுக் கோப்பு உருவாக்காமல், இருப்பதிலேயே வரியைச் சேர்ப்பதே சரி.

என்றாவது 3டி தேவைப்பட்டால்? முடக்கிய கட்டளையின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து அடித்தால் மூலக் கட்டளை ஓடும். இது தெரியாதவர் உங்கள் கணினியில் உட்கார்ந்தால் ஆட்டோகேட் பழுதாகிவிட்டது என்றே நினைப்பார். கூட வேலை செய்பவர்களிடம் சொல்லி வையுங்கள்.

இன்னும் நேர்த்தியாகச் செய்ய விரும்பினால் ஆப்ஷன்ஸில் இரண்டு புரொஃபைல் உருவாக்குங்கள். லிஸ்ப் கோப்பு இருக்கும் உறையை 2டி புரொஃபைலின் சப்போர்ட் பாதையில் மட்டும் சேர்த்து, புரொஃபைலுக்கு ஒன்றாக டெஸ்க்டாப்பில் இரண்டு ஐகான் வைத்துவிட்டால், எந்த வேலைக்கு எந்த ஐகான் என்பது தெளிவாகிவிடும்.

## வழி 5: லேஅவுட்டில் வியூபோர்ட்டைப் பூட்டுவது

பலர் கவனிக்காத ஒன்று: மாடல் தாவலில் பிளான் சாய்ந்தாலும், லேஅவுட்டில் (அச்சுக்கான தாள்) இருக்கும் வியூபோர்ட் (தாளில் மாடலைக் காட்டும் சாளரம்) சாயாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பார்வை. திரையில் கோணலாகத் தெரிந்த படம் அச்சில் ஒழுங்காக வருவதற்குக் காரணம் இதுதான். எதிர்த்திசையிலும் இது உண்மை. வியூபோர்ட்டுக்குள் நுழைந்து வேலை செய்யும்போது சாய்த்துவிட்டால் அச்சில் கோணலாகவே வரும், அளவுகோலும் பொய்யாகும்.

வியூபோர்ட்டைத் தேர்ந்தெடுத்து பிராபர்டீஸில் டிஸ்ப்ளே லாக்டு என்பதற்கு யெஸ் கொடுத்தால் பூட்டிக்கொள்ளும். பூட்டிய வியூபோர்ட்டுக்குள் போய்ச் சக்கரத்தைச் சுழற்றினால் காகிதம்தான் பெரிதாகும் சிறிதாகும், அளவுகோல் அசையாது. செலவே இல்லாத பாதுகாப்பு. ஆனால் மாடல் தாவலில் வரையும்போது இதனால் ஒரு பயனும் இல்லை. சாய்வுக்கான தீர்வாக இதை மட்டும் நம்பக் கூடாது. அச்சுக்குப் போகும் எந்த ஷீட்டிலும் இதைச் செய்யாமல் விடவும் கூடாது.

## வழி 6: 3டி இல்லாத மென்பொருளுக்கு மாறுவது

ஆட்டோகேட் எல்டியில் ஆர்பிட், வியூகியூப் இரண்டும் கிடையாது. முழு ஆட்டோகேடைவிட விலையும் குறைவு. லிஸ்ப் ஓடாது என்பது நீண்ட காலக் குறையாக இருந்தது. 2024 பதிப்பிலிருந்து எல்டியிலும் லிஸ்ப் ஓடுகிறது. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேகேட் முழுக்க முழுக்க 2டி. அது சேமிப்பது டிஎக்ஸ்எஃப் கோப்பாக. ஆட்டோகேடின் சொந்தக் கோப்பு வடிவமான டிடபிள்யூஜியைக் கேட்கிற வாடிக்கையாளர்களோடு பரிமாற்றம் அடிக்கடி நடந்தால் இது தினசரித் தொந்தரவு.

சாய்வு ஒன்றுக்காக மட்டும் மென்பொருளை மாற்றுவது வீண். உரிமம் புதுப்பிக்கும் நேரம் வந்து, அலுவலகத்தில் யாருமே 3டி தொடுவதில்லை என்றால் அப்போது யோசிக்கலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | ஷிஃப்ட்-சக்கரம் | வியூகியூப் | 3டி வேண்டும்போது | வேறு கணினியில் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| நிமிர்த்துவது | தடுக்காது | தடுக்காது | இடைஞ்சல் இல்லை | கட்டளை இருக்கும், பொத்தான் இருக்காது | பிளான் அடித்தால் இருந்த இடம் தொலையும் |
| கருவிகளை மறைப்பது | தடுக்காது | தடுக்கும் | 3டி பாணியில் கியூப் தானாக வரும் | திரும்ப அமைக்க வேண்டும் | மூலைச் சொல்லையும் மறைத்தால் சாய்வே தெரியாது |
| ஷிஃப்டை விடுவது | பெருமளவு தவிர்க்கும் | தொடர்பில்லை | இடைஞ்சல் இல்லை | கூடவே வரும் | ஆரம்பத்தில் வேகம் குறையும் |
| ஆர்பிட்டை முடக்குவது | தடுக்கும், சோதித்தபின் | தடுக்காது | புள்ளி வைத்து அடிக்க வேண்டும் | லிஸ்ப் கோப்பும் பாதையும் தேவை | தெரியாதவருக்குக் குழப்பம் |
| வியூபோர்ட் பூட்டு | லேஅவுட்டில் மட்டும் | லேஅவுட்டில் மட்டும் | திறந்து மூடினால் போதும் | கோப்போடு போகும் | மாடல் தாவலுக்குப் பயனில்லை |
| மென்பொருள் மாற்றம் | பிரச்சினையே இல்லை | பிரச்சினையே இல்லை | முடியாது | உரிமத்தைப் பொறுத்தது | பணம், கோப்புப் பரிமாற்றம் |

## யார் எதை எடுப்பது

பிளான், எலிவேஷன், செக்‌ஷன் என்று 2டி மட்டுமே ஓடும் சிவில் அல்லது எலக்ட்ரிக்கல் அலுவலகம் என்றால் நான் தயங்காமல் வழி 4ஐயும் வழி 2ஐயும் சேர்த்துச் சொல்வேன். லிஸ்ப் கோப்பை அலுவலக சர்வரில் ஒரே இடத்தில் வைத்து எல்லாக் கணினியிலும் அந்தப் பாதையைக் கொடுத்துவிட்டால், பதிப்பு மாறும்போது பாதையை மட்டும் திரும்பச் சேர்த்தால் போதும்.

காலையில் 2டி டீட்டெயில், மதியம் 3டி மாடல் என்று மாறி மாறிச் செய்யும் மெக்கானிக்கல் டிராஃப்ட்ஸ்மேனுக்கு ஆர்பிட்டை முடக்குவது கைகளைக் கட்டிப்போடும். கியூபை 2டி வயர்ஃப்ரேமில் மட்டும் மறைத்து, யுசிஎஸ்-பிளான் பொத்தானை வைத்துக்கொள்வது அவருக்குப் போதும். யுசிஎஸ் ஆர்த்தோவை 0 ஆக்கலாமா என்று கேட்டால், 3டியில் அந்த வசதியை அவர் உண்மையிலேயே பயன்படுத்துகிறாரா என்பதைப் பொறுத்தது. 2டி மட்டும் வரைபவர் யோசிக்காமல் 0 ஆக்கிவிடலாம்.

பாலிடெக்னிக் மாணவர், பொதுக் கணினியில் பயில்பவர் ஆகியோருக்கு வழி 3, கூடவே வழி 1. அமைப்புகளை மாற்றிவிட்டுப் போனால் அடுத்து உட்காருபவருக்குத் தொந்தரவு. அவருடைய பாடம் 3டியாக இருக்கலாம்.

வெளியிலிருந்து வரும் கோப்புகளைத் திருத்துவதே வேலை என்றால், கோப்பைத் திறந்தவுடன் இடது மேல் மூலையைப் பார்த்து, யுசிஎஸ் வேர்ல்டில் இருக்கிறதா என்று சரிபார்த்து, டிஸ்ட் கட்டளையால் இரண்டு மூலைகளை ஸ்னாப் செய்து அளந்து பாருங்கள். பதிலில் டெல்டா இசட் என்று ஒரு எண் வரும். அது 0 இல்லையென்றால் முந்தையவர் எப்போதோ சாய்ந்த நிலையிலோ மாறிய யுசிஎஸ்ஸிலோ வரைந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட கோப்பில் பார்வையை நிமிர்த்துவதால் எதுவும் சரியாகாது. எக்ஸ்பிரஸ் டூல்ஸில் இருக்கும் ஃப்ளாட்டன் கட்டளையை ஒரு நகலில் ஓட்டி, ஹேட்ச்களும் பிளாக்குகளும் சிதையாமல் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு, அதன்பிறகு உங்கள் வேலையைத் தொடங்குங்கள்.